கேஸ் என்று நான் சொன்ன ஆள்

ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஆட்களின் பெயரை மறக்கப் பழகிவிட்டேன். அதைக் கல்நெஞ்சு என்று அப்போது நான் நினைக்கவில்லை. வாட்டில் நாற்பது கட்டில். கட்டில் கிடைக்காதவர்கள் கீழே பாயில். காலையில் கடமையை ஒப்படைக்கும் நேர்ஸ் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு நடப்பாள். மூன்றாம் கட்டில் பாம்புக்கடிக் கேஸ், ஏழாம் கட்டில் நெருப்புக் காய்ச்சல் கேஸ், கதவோரம் கிடப்பது மாடு குத்தின கேஸ். நான் கேட்டுக்கொண்டு பின்னால் போவேன். பெயர் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் இருக்கும். தேவைப்பட்டால் பார்க்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

அந்தச் சொல்லை நான் பெரியகல்லாற்றிலிருந்து கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டில் எவரும் இங்கிலீசு பேசியதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை இங்கிலீசோடு, ஐம்பதுகளின் கடைசியில், கொழும்புக்குத் தாதிப் பயிற்சிக்குப் போனேன். எங்களுக்குப் பயிற்சி தந்த சிஸ்டர் ஒரு பறங்கிப் பெண். வேகமாகப் பேசுவார். ஒரு நாள் ஊசி போடும் மேசைக்கு முன்னால் நின்று, “கேஸைக் கொண்டு வா” என்று என்னிடம் சொல்லிக் கையை நீட்டினார். அவர் கைகாட்டிய பக்கம் கடைசிக் கட்டிலில் ஒரு வயதான சிங்களப் பெண் படுத்திருந்தார். நான் போய் அவரை எழுப்பி, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவர் என் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். தலையணைக்கு அடியில் வைத்திருந்த துணிமூட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி வந்தார். வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

சிஸ்டர் கேட்டது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியில் இருந்த ஊசிப் பெட்டியை. அதுவும் கேஸ்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் ஏனென்று தெரியாமல் கூடச் சிரித்தார். நான் அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தபோது அவர் சிரிக்கவில்லை. துணிமூட்டையை அன்று முழுவதும் வயிற்றின் மேலேயே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கவனமாகக் கற்றுக்கொண்டேன். தலையணைக்குப் போடும் உறை கேஸ். மருந்துப் போத்தல் வந்து இறங்கும் பலகைப் பெட்டி கேஸ். நோய் கேஸ். நோயைக் கொண்டுவந்த ஆளும் கேஸ். வசனத்தின் நடுவில் முன்னால் ‘இன்’ என்ற சிறு சொல்லோடு வந்தால் ‘ஒருவேளை’ என்று பொருள். சிஸ்டரின் வாயில் அதிகம் வந்தது அந்த ஒருவேளைதான். ஒருவேளை இரத்தம் நிற்காவிட்டால், ஒருவேளை மூச்சு அடைத்தால், ஒருவேளை டொக்டர் வரப் பிந்தினால். மூன்று வருடம் இதைக் கேட்டு, எழுதி, சோதனையும் எழுதி முடித்தபோது அந்தச் சொல் எனக்கு வேறு மொழிச் சொல்லாகவே படவில்லை.

மட்டக்களப்புப் பக்கம் மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. அவரும் எங்கள் ஊர்தான், எங்கள் சபைதான். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மண்டூரையும் தாண்டி உள்ளே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தார். திங்கட்கிழமை விடியத் தோணியில் வாவியைக் கடந்து போனால் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் திரும்பி வருவார். நான் பட்டினத்தில் நேர்ஸ்மார் விடுதியில் தங்கியிருந்து, லீவு கிடைக்கும் நாளில் பஸ் ஏறி ஊருக்கு வருவேன். வீட்டில் அவருடைய தாய், என் மாமி, தனியாக இருந்தார். அவருக்கு என் கணவர் ஒரே பிள்ளை. நானும் அவரும் ஒரே வீட்டில் இருக்கக் கிடைத்தது மாதத்தில் ஆறோ ஏழோ நாள்.

சந்திக்கும்போது அவர் முதலில் கேட்பது, “இந்தக் கிழமை எத்தினை கேஸ்?” என்றுதான். நான் சொல்வேன். ஒரு நாள் கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

“எங்கட பாடத்திலயும் கேஸ் இரிக்கு, தெரியுமா? வேற்றுமைக்கு இங்கிலீசில அதுதான் பேர். ஒராள்ட பேர எடுத்து அதுக்குப் பின்னால ஒண்ட ஒட்டுற. அவரை, அவருக்கு, அவரால. பேர் மாறாது. ஆனா ஆளுக்கு என்ன நடந்தெண்டு கடைசி எழுத்தில தெரியும்.”

“எங்கட கேஸுக்குப் பேரே இல்ல,” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காக அதைச் சொல்லவில்லை.

மாமிக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. அவருக்குத் தெரிந்த கேஸ் ஒன்றுதான், கோர்ட்டுக் கேஸ். அவருடைய அண்ணன்மார் இருவர் ஒரு வேலிக்காகப் பதினொரு வருடம் கோர்ட்டு வாசலில் நின்றவர்கள். தாயின் செத்தவீட்டிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ‘கேஸ்காரன்’ என்பது மாமியின் வாயில் வரக்கூடிய ஆகக் கடைசி வசவு. சாப்பிடும்போது நான் ஆஸ்பத்திரிக் கதை எதையாவது எடுத்தால், “சோத்துக்கு முன்னால அந்தப் பேச்ச எடுக்காத புள்ள” என்பார். நான் நிறுத்திவிடுவேன். மற்றப்படி எங்களுக்குள் ஒரு குறையும் இருக்கவில்லை.

அது ஒரு கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை. வாடைக்காற்று மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவசரக் கேஸ்களைப் பார்க்கும் அறையில் பகல் கடமை. எட்டு மணிபோல் தெற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ரெலிபோன் வந்தது. வாவியில் தோணி கவிழ்ந்துவிட்டதாம். மற்றவர்கள் எல்லாரும் கரையேறிவிட்டார்களாம். நீரில் மூழ்கின கேஸ் ஒன்றை வான் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்களாம்.

அன்று திங்கட்கிழமை என்பது நினைவுக்கு வரவில்லையா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். வரவில்லை. போர்வைகளைச் சூடாக்கச் சொன்னேன். உறிஞ்சும் குழாயைக் கொதிநீரில் போட்டேன். ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து பார்த்து மூடினேன். ஆரையம்பதியிலிருந்து வேலைக்கு வரும் அற்றண்டன் பெண் ஒருத்தி எனக்கு உதவிக்கு நின்றாள்.

எட்டே முக்காலுக்கு வான் வந்தது. இரண்டு பேர் ஒரு பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் கால்தான் முதலில் தெரிந்தது. வலது காலின் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன் குழவிக்கல் விழுந்த நகம். நான்தான் அதற்கு மருந்து கட்டினேன்.

அந்த நகத்தைப் பார்த்த பிறகு நான் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையைப் பார்த்தேன். பக்கவாட்டில் சரித்து வாய்க்குள் விரலை விட்டுப் பாசியையும் மணலையும் எடுத்தேன். குப்புறப் போட்டு முதுகை அழுத்தினேன். எண்ணி எண்ணி அழுத்தினேன். தண்ணீர் வந்தது. டொக்டர் ஓடி வந்தார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத இளம் டொக்டர். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர் தொடங்கினார். இருபது நிமிடத்துக்கு மேல் விடவில்லை. அவருடைய சட்டை முதுகில் ஒட்டிப்போயிற்று. பிறகு கண்ணிமையை விரித்து டோர்ச் அடித்துப் பார்த்தார். கையைத் துடைத்தார். மேசைக்குப் போய்ப் பேனையை எடுத்து, தலையை நிமிர்த்தாமலே, வழக்கமாகக் கேட்பதுபோல் இங்கிலீசில் கேட்டார்:

“இது யாருடைய கேஸ்?”

எந்த நேர்ஸ் பொறுப்பெடுத்தது என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள்.

“என்னுடையது, சேர்.”

“உறவுக்காரர் எவராவது வந்திருக்கிறார்களா?”

“நான்தான், சேர்.”

விளங்காதவர்போல் அவர் என்னைப் பார்த்தார். பலகையில் கிடப்பவரின் மனைவி நான் என்று அதையும் இங்கிலீசிலேயே சொன்னேன். சரியான இலக்கணத்தோடு சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. டொக்டரின் பேனை எழுதின இடத்திலேயே நின்றது. அற்றண்டன் பெண் போர்வையோடு நின்றவள், “என்ன மிஸ்ஸி சொல்றியள்?” என்று கேட்டுவிட்டு, கிட்டப் போய் முகத்தைப் பார்த்தாள். கலியாணத்துக்கு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் பன்னீர் தெளித்தவள் அவள். பெரிதாகக் குழறினாள். அந்த அறையில் அழுதது அவள்தான்.

நேர்ஸ்மாருக்கெல்லாம் பெரியவரான மேற்றன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் அறையில் இருத்தினார். தேத்தண்ணி கொடுத்தார். குடித்தேன். சீனி காணாது என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக் குடித்தேன். எனக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தது தலையில் மட்டும் நின்றது, கீழே இறங்கவில்லை. கை விறைக்க ஊசி போட்ட பிறகு கத்தி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளியைப்போல் இருந்தேன்.

பதினொரு மணிக்குப் பிறகு பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். திடீர் மரணம் என்றால் விசாரணை வேண்டும். நடைபாதையில் போட்டிருந்த வாங்குப் பலகையில் இருந்தபடி எழுதினார். நான் முன்னால் நின்று பதில் சொன்னேன்.

“எத்தினை மணிக்குக் கொண்டந்த?”

“கேஸ் வந்தது எட்டே முக்காலுக்கு. ஒன்பது பத்துக்கு டொக்டர் முடிச்சார்.”

சொல்லி முடித்துத் திரும்பினேன். மாமி பின்னால் நின்றார். ஊரிலிருந்து போதகர் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கடைசி வசனத்தைக் கேட்டிருந்தார்.

“ஆரு கேஸ்?” என்றார்.

நான் பொலிஸ்காரரின் கொப்பியைப் பார்த்தேன்.

“என்ட புள்ள உனக்குக் கேஸா?”

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தார். எனக்குச் சொல்ல நிறைய இருந்திருக்க வேண்டும். வாயில் வந்தது, “மாமி, இதில இரிங்க” என்பது மட்டும்தான். நோயாளரைப் பார்க்க வரும் எல்லோருக்கும் ஒரு நாளில் இருபது தரம் நான் சொல்லும் வார்த்தை. அவர் இருக்கவில்லை.

அடக்கத்தின்போதும் நான் அழவில்லை. சபைக் கோவிலில் பாட்டுப் பாடினார்கள். நானும் வாயை அசைத்தேன். பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நேர்ஸ்தானே, பழகின நெஞ்சு” என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. குறை சொன்னாளா, இரங்கிச் சொன்னாளா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு விடுதியை விட்டுவிட்டு மாமியோடு இருக்க வந்தேன். அவருக்கு வேறு எவரும் இல்லை. எனக்கும் வேறெங்கும் போகத் தோன்றவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் கடமைக்குப் போய்ப் பின்னேரம் திரும்புவேன். சோறு மேசையில் மூடி இருக்கும். என் சேலை துவைத்துக் கொடியில் கிடக்கும். மாமி எனக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார். பேச மட்டும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி சொல்வார். நான் மாமியைக் குறை சொல்லவில்லை.

தோணிக்காரர்மேல் பொலிஸ் கேஸ் போட்டது. காற்றைப் பார்க்காமல், எட்டுப் பேர் ஏறும் தோணியில் பதினொரு பேரை ஏற்றினார் என்பது குற்றம். அந்த மனிதர்தான் மூழ்கி மூழ்கிப் பார்த்து என் கணவரைத் தூக்கியவரும். ஆஸ்பத்திரிச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கேஸ் மூன்று தரம் தவணை போயிற்று. மூன்று தரமும் மாமி வந்தார். கோர்ட்டு என்றால் முகத்தைத் திருப்பும் மாமி, வெள்ளைச் சேலையோடு வாசலில் இருந்த வாகைமரத்தடியில் நிற்பார். உள்ளே வரமாட்டார். கேஸ் கூப்பிட்டாயிற்றா என்று போகிறவர்களிடம் கேட்பார். அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்க எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. அது கோர்ட்டுக் கேஸ், அதனால் சொல்லலாம் என்று நினைத்திருப்பார்.

நாலாம் தரம் தோணிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். என்னைச் சாட்சிக் கூட்டில் ஏற்றத் தேவையில்லாமல் போயிற்று. மூன்று மாதம் மறியல் தண்டனை. கொண்டுபோகும்போது பொலிஸ்காரரிடம் கேட்டு, மரத்தடியில் ஒரு நிமிடம் நின்றார்.

“அம்மா, நான் மூண்டு தரம் முங்கிப் பாத்தன். மூண்டாம் தரம்தான் கையில அம்பிட்டவர்,” என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

“தெரியும்,” என்றார் மாமி. “நீ போ மனே.”

தோணிக்காரர் அழுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு கண்ணீர் வருகிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்றே கோர்ட்டு இலிகிதரிடம் என் கணவருடைய சூட்கேஸை எடுக்கப் போனேன். தோணியோடு கவிழ்ந்து, இரண்டு நாளுக்குப் பிறகு மீன்பிடிக்கப் போனவர்கள் எடுத்துக் கொடுத்தது. சாமான் அறையில் கத்தி, பொல்லு, சைக்கிள், எல்லாவற்றோடும் கிடந்தது. இலிகிதர் அதைத் தூக்கிப் பார்த்து, “இது எந்தக் கேஸ்ட சூட்கேஸ்?” என்று கேட்டார். கேட்டவுடனே என் முகத்தைப் பார்த்து, “குறை நினைக்காதீங்க தங்கச்சி” என்றார். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. இலக்கத்தைச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வாங்கி வந்தேன்.

வீட்டில் முற்றத்தில் வைத்துத் திறந்தேன். இரண்டு சட்டை, ஒரு சாரம், சீப்பு, சவர்க்காரப் பெட்டி. மீதி முழுவதும் பிள்ளைகளின் கொப்பிகள். திருத்துவதற்குச் சனி ஞாயிறில் வீட்டுக்குக் கொண்டு வந்தவை. முப்பத்திரண்டு இருந்தன. ஊறி ஒட்டி, செங்கல்லைப்போல் இறுகிக் கிடந்தன. நான் ஒரு பாயை விரித்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் வைத்தேன். மையால் எழுதினது நீலக் கறையாகிப்போயிருந்தது. பென்சிலால் எழுதினது அப்படியே இருந்தது. சிறிது நேரத்தில் மாமி வந்து பாயின் மற்றத் தலைப்பில் குந்திக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினார். காற்றுக்குப் பறக்காமல் சிப்பிகளைப் பொறுக்கி மேலே வைத்தார். நாலு நாள் அப்படிக் காயவைத்தோம். நாலு நாளும் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த லீவு நாளில் வேறொரு தோணியில் ஏறி அக்கரைக்குப் போனேன். பயமாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பெரியவாத்தியார் என்னை என் கணவர் படிப்பித்த வகுப்பில் கொண்டுபோய் விட்டார். கொப்பிகளின் மட்டையில் பென்சிலால் எழுதியிருந்த பெயர்களை வாசித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பிள்ளைகள் எழும்பி வந்து இரண்டு கையாலும் வாங்கினார்கள். அப்படி முப்பத்திரண்டு பெயரை ஒன்றன்பின் ஒன்றாக நான் என் வாயால் சொல்லியதே இல்லை. கடைசியாக வாங்கிய பிள்ளை கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“சேர் மார்க்ஸ் போடல்லையா?”

“போடக் கிடைக்கல்ல மகள்.”

“அப்ப நீங்க போடுங்களன்.”

“எனக்கு இந்தப் பாடம் தெரியாதே,” என்றேன். அவள் சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போய் இருந்தாள்.

இரண்டு வருடம் கழிந்தது. மாமிக்குச் சீனி வருத்தம் இருந்தது. காலில் முள் குத்தின புண் ஆறாமல் கறுத்து, என் வாட்டிலேயே படுக்க வேண்டி வந்தது. பெண்களுக்கு அங்கே இருந்தது அந்த ஒரு வாட்டுத்தான். இரண்டு விரலை எடுத்தார்கள். ஐந்து கிழமை கிடந்தார். நான் மற்றவர்களுக்குச் செய்வதையே அவருக்கும் செய்தேன். புண்ணைக் கழுவினேன், ஊசி போட்டேன், முதுகைத் துடைத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருப்பார். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. காலையில் நாங்கள் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போவதை ஒவ்வொரு நாளும் கேட்டார். அந்தக் கேஸ் நித்திரை கொண்டதா, இந்தக் கேஸுக்குக் கஞ்சி இறங்கினதா, அந்தக் கேஸின் பிள்ளை பால் குடித்ததா என்று நாங்கள் கேட்டுக்கொள்வதையும் கேட்டார்.

அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றுக் காய்ச்சல் கண்ட ஓர் இளம் பெண் கிடந்தாள். ஒரு நாள் காலையில் நான் மருந்துத் தட்டோடு வந்தபோது மாமி கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“புள்ள, இஞ்ச வா. அந்தக் கேஸ் விடியத் தொட்டு ஒண்டும் குடிக்கல்ல. சொண்டெல்லாம் காஞ்சு போய்க் கிடக்கு. என்னெண்டு பாரு.”

அவர் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டை வைத்துவிட்டுப் பார்லித் தண்ணி எடுத்து வந்து கரண்டியால் பருக்கினேன். ஆறு கரண்டி இறங்கியது. “இறங்குது மாமி,” என்றேன். “ம்,” என்றார்.

அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை. எனக்கு மனம் ஆறியது என்றும் சொல்ல முடியாது. ஆறுவதற்கு அது நோக வேண்டும். எனக்கு அப்போதும் நோகத் தொடங்கவில்லை. ஆனால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு மாமி என்னோடு நேராகப் பேசினார். மழையைப் பற்றி, அரிசியைப் பற்றி, பக்கத்து வீட்டு ஆடு மாங்கன்றைக் கடித்ததைப் பற்றி. பின்னேரங்களில் கடமையால் வந்ததும் அவருடைய காலுக்கு மருந்து கட்டுவேன்.

“நோகுதா?”

“நோகாம இரிக்குமா? நீ கட்டு.”

கட்டி முடிந்ததும் காலை மெதுவாக இழுத்துப் பாயில் வைத்துக்கொள்வார்.

“நாளைக்கும் காலமைக் கடமையா?”

“ஓம் மாமி.”

“அப்ப நேரத்தோட சாப்பிட்டுப் படு. முதல் பஸ்ஸ விட்டிடாத.”